அயோடின் உப்புச் சட்டமும் எங்கள் ஊர் அளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் புத்தளத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் குத்தகை அளம், அதாவது உப்பளம், உண்டு. அப்பா இருந்தவரை அவரும் பெரியப்பாவும் சேர்ந்து பார்த்தார்கள். இப்போது பெரியப்பா மட்டும். நான் படித்தது வேதியியல், பிழைப்பு நாகர்கோவிலில். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னைக் கேள்வி கேட்கிறார்கள். அளத்துக்காரர்கள் "இந்தச் சட்டம் எதுக்கு?" என்கிறார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் கட்டிக்கொடுத்த அக்கா "உங்க ஊர் கல்லுப்பு சாப்பிடலாமா, கூடாதா?" என்கிறாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அயோடின் கலக்காத உப்பை விற்பது குற்றமா?

மனிதர் நேரடியாகச் சாப்பிடுவதற்கு என்று விற்றால், ஆம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. விற்பது மட்டுமில்லை, விற்பதற்காகக் கடையில் வைத்திருப்பதும் கூடாது. ஆனால் அந்த விதியிலேயே விலக்குகளும் உண்டு: அயோடின் கலக்கும் ஆலைக்கு அனுப்புவது, கால்நடைக்கு, பதப்படுத்துவதற்கு, மருந்து தயாரிக்க, தொழிற்சாலைக்கு. இவற்றுக்கெல்லாம் சாதா உப்பை விற்கலாம், எதற்கென்று சாக்கின்மேல் எழுதியிருக்க வேண்டும்.

என் பாத்தியில் விளைந்த உப்பை என் வீட்டுக் குழம்பில் போட்டால்?

போடுங்கள். தடை விற்பனைக்குத்தான். பெரியப்பா வீட்டில் இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. அது உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, கீழே வருகிறது.

கடலோரத்தில் இருக்கிறோம், கடல் தண்ணீரில்தான் உப்பு காய்ச்சுகிறோம். அதிலேயே அயோடின் இருக்காதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நானும் கல்லூரிக்குப் போகும்வரை இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கடல் தண்ணீரில் அயோடின் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். ஒரு லிட்டரில் 50, 60 மைக்ரோகிராம். அதே லிட்டரில் சோற்றுப்பு கிட்டத்தட்ட 27 கிராம் இருக்கிறது. ஒரு துளி அயோடின்கூட வீணாகாமல் உப்போடு வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கிலோ உப்பில் 2 மில்லிகிராம்தான் சேரும். சட்டம் சில்லறைக் கடையில் கேட்பது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். உண்மையில் அந்த 2கூட வராது. உப்பு பூத்து அடியில் உட்காரும்போது அயோடினில் பெரும்பங்கு மேலே நிற்கும் கசப்புத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது, அந்தத் தண்ணீரை நாம் வடித்து விட்டுவிடுகிறோம்.

ஆகவே கடல் உப்பில் அயோடின் இருக்கிறது என்பது பொய் இல்லை, பயன்படும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். அயோடின் இருப்பது கடல் மீனில். தினமும் சாளையும் நெத்திலியும் சாப்பிடுகிற மணக்குடி வீட்டுக்கும், சைவம் மட்டுமே சாப்பிடுகிற சுசீந்திரம் வீட்டுக்கும் இந்த விஷயத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. நடுவில் எட்டு பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. பேச்சிப்பாறை மலைப்பக்கம் போனால் இன்னும் மோசம். காலங்காலமாகப் பெய்யும் மழை மண்ணிலிருந்த அயோடினை அரித்துக் கொண்டுபோயிருக்கும். அந்த மண்ணில் விளையும் காயிலும் கிழங்கிலும் அது குறைவாகத்தான் இருக்கும்.

மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் மரச்சீனி ஒருவேளைச் சாப்பாடு. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் அதை ஊக்குவித்துப் பரப்பினார். அரிசி தட்டுப்பட்ட காலங்களில் ஊரையே காப்பாற்றிய கிழங்கு.

அந்தக் கிழங்கில் சயனைடு தரக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. நம் உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. இந்தத் தயோசயனேட் தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். உணவில் அயோடின் போதுமான அளவு இருந்தால் பயமில்லை. குறைவாக இருந்தால் கழுத்தில் கழலை வர இதுவும் ஒரு காரணமாகும்.

நம் பாட்டிமார் இதற்கு இரண்டு பரிகாரம் வைத்திருந்தார்கள், தெரிந்தோ தெரியாமலோ. ஒன்று, கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைவது. நச்சுப் பொருளில் பெரும்பங்கு அதோடு போய்விடும். இரண்டு, கூடவே மீன்குழம்பு. மீன் வாங்க முடியாத நாளில் வெறும் கிழங்கும் காந்தாரி மிளகாயும் மட்டும் தின்ற வீடுகளில்தான் சிக்கல்.

அயோடின் குறைந்தால் என்னதான் ஆகும்? கழலை மட்டும்தானே?

கழலை கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றியே பேசுகிறோம். அதைவிடப் பெரிய இழப்பு வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு. தாய்க்கு அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அதைத் திருப்ப முடியாது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிகளுக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150 என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. அது இல்லாமல் போனாலும் வெளியே தெரியாது என்பதுதான் இதிலிருக்கும் வில்லங்கம்.

உப்பில் கலக்கும் யோசனை யாருடையது?

சுவிட்சர்லாந்து 1922இல் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு ஆதாரம் காட்டியது இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் கூட்டாளிகளும் 1956இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. அதை வைத்து 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

அப்போது மலையடிவார மாநிலங்களுக்கு மட்டும்தான். பிறகு சமவெளியிலும் கடலோரத்திலும் கழலை இருப்பது தெரிந்து, நாடு முழுவதற்கும் என்று 1983இல் முடிவு செய்தார்கள். டாடா உப்பு பொட்டலத்தில் வந்ததும் அதே 1983இல். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்ததை வைத்து எங்கள் ஊர் டீக்கடையில் நிறையக் கதை கட்டுவார்கள். நான் அந்தக் கதைக்குப் போகவில்லை. ஆனால் பொட்டல உப்புக்குச் சாலை போட்டுக் கொடுத்தது இந்தத் திட்டம்தான் என்பதை மறுக்கவும் மாட்டேன்.

சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது என்கிறார்களே, என்ன வரிசை?

கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் 1997 நவம்பரில் அறிவிப்பு, 1998 மே மாதம் தடை அமலுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசே அதை விலக்கிக்கொண்டது. எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்போது பேசப்பட்டது. 2005இல் மீண்டும் அறிவித்து 2006 மே 17 முதல் தடை.

இதை எதிர்த்த வழக்கில் 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சுவையான தீர்ப்புச் சொன்னது. அயோடின் இல்லாத உப்பு கலப்படமும் இல்லை, கெட்ட பொருளும் இல்லை. ஆகவே கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் அதைத் தடுக்க முடியாது, அந்த விதி செல்லாது. ஆனால் சட்டென்று எடுத்தால் மக்கள் நலன் பாதிக்கும் என்று அந்த விதி ஆறு மாதம் தொடர அனுமதித்தது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறு விதி வந்துவிட்டது. நான் முதலில் சொன்னது அந்த விதி.

பெரியப்பாவிடம் இந்தத் தீர்ப்பைச் சொன்னபோது, "அப்போ என் உப்பு கெட்டது இல்லேன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு" என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்படியானால் அளத்திலேயே அயோடினைக் கலந்துவிட வேண்டியதுதானே? இதில் என்ன கஷ்டம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அளத்தில் உப்பு எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். உப்புத் தண்ணீர் மூன்று டிகிரியில் ஏறுகிறது (இந்த டிகிரி சூடு இல்லை, தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் போமே அளவு). பெரிய பாத்திகளில் காய்ந்து காய்ந்து கெட்டியாகிறது. வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். 25 டிகிரி வந்ததும் கடைசிப் பாத்திக்குத் திருப்பினால் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30ஐத் தாண்ட விட்டால் கசப்பு உப்புகள், அதாவது மக்னீசியம் வகை, சேர்ந்து விழும். அதற்குமுன் தண்ணீரை வடித்து உப்பை வார வேண்டும். இந்த நேரம் பார்ப்பதுதான் தொழில். பெரியப்பா டிகிரி பார்க்கும் குழலை எடுத்து நான் பார்த்ததே இல்லை. பாத்தியின் நிறத்தையும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பையும் பார்த்தே சொல்லிவிடுவார்.

வாரிய உப்பைக் கரையில் குவித்து, தண்ணீர் வடியவிட்டு, பனையோலை போட்டு மூடுகிறோம். எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்ற பழமொழியை யாரோ எங்கள் ஊரிலிருந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

இப்படி வரும் கல்லுப்பில் எப்போதும் ஈரம் இருக்கும். மக்னீசியம் கொஞ்சம் ஒட்டியிருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வியர்க்கும். இதன்மேல் அயோடின் கரைசலைத் தெளித்தால் கல்லின் மேல்பரப்பில்தான் ஒட்டும். சாக்கில் நாலு நாள் நின்றால் ஈரத்தோடு சேர்ந்து அடிக்கு இறங்கிவிடும். மேல் உப்பில் இல்லை, அடி உப்பில் அதிகம். ஆலையில் உப்பைக் கழுவி, அரைத்து, காயவைத்து, பிறகு தெளிக்கிறார்கள். பொடியுப்பில் அது சீராகப் பரவும், காய்ந்திருப்பதால் நிற்கும். வித்தியாசம் புரிகிறதா? சட்டம் கேட்பது அயோடினை, ஆனால் அதைச் சீராகத் தாங்குவது பொடியுப்புதான். எங்களிடம் இருப்பது கல்லுப்பு.

செலவு எவ்வளவு ஆகும்?

மருந்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் சிரிப்பீர்கள். இந்தியாவில் கலப்பது பொட்டாசியம் அயோடேட். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அயோடைடைவிட அதுதான் நிற்கும். அதன் எடையில் 59 சதவீதம் அயோடின். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு டன் உப்புக்கு ஏறக்குறைய 50 கிராம் போதும். ஒரு டன் உப்புக்கு ஒரு கைப்பிடி! கிலோவுக்குப் பிரித்தால் பைசாக் கணக்கு.

அப்புறம் என்ன தடை என்றால், போட்டோம் என்பதற்குச் சாட்சி காட்டும் செலவு. சீராகத் தெளிக்க ஒரு யந்திரம். ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்துச் சோதிக்க ஒரு சின்ன ஆய்வகம், அதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள். ஈரம் புகாத பை. அச்சடித்த விவரம். பதிவு, கணக்குப் புத்தகம். பத்தாயிரம் டன் விற்கிறவனுக்கு இதெல்லாம் கிலோவுக்குக் காசு கணக்கில் கரைந்துவிடும். மூன்றரை ஏக்கர்காரனுக்கு லாபத்தை முழுசாகத் தின்றுவிடும்.

எங்கள் வீட்டிலேயே முயன்று பார்த்தோம். 2006இல் தடை வந்தபோது அப்பா விடவில்லை. வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் ஒன்று புதிதாக வாங்கினார். தார்ப்பாயை விரித்து உப்பைப் பரப்பி, நான் கரைசல் கலந்து கொடுக்க, அவர் தெளித்து மண்வெட்டியால் புரட்டினார். வேதியியல் படித்த பிள்ளை கூட நிற்கிறான் என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஐந்து சாக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். ஒன்றில் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி வந்தது, ஒன்றில் 4. மார்த்தாண்டம் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் லோடைத் திருப்பி அனுப்பினார். லாரி வாடகை எங்கள் தலையில். அந்தத் தெளிப்பானை அப்புறம் வாழைக்குத்தான் பயன்படுத்தினோம்.

வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். 4 வந்த சாக்கை நம்பி ஒரு கர்ப்பிணி சாப்பிட்டால் பயன் இல்லை. தப்பு எங்கள் கையிலும் இருந்தது, அவ்வளவு சின்னக் கைக்கு அந்த வேலையைக் கொடுத்ததிலும் இருந்தது.

இப்போது அளத்து உப்பை யார் வாங்குகிறார்கள்?

கருவாடு போடுகிறவர்கள், ஐஸ் ஆலைகள், தோல் பதனிடுகிறவர்கள், ரசாயன ஆலைகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் தரகர்கள், சுத்திகரிப்பு ஆலைகள். தென்னைக்குப் போடவும் நிறையப் போகிறது.

முன்பு சைக்கிளில் உப்பு மூட்டை வைத்து "உப்பேய்" என்று தெருத்தெருவாகப் போனார்கள், நாழியில் அளந்து கொடுப்பார்கள். கேரளத்தில் உப்பு விளைச்சல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, அங்கே மழை விடாது. அதனால் இந்தப் பக்கத்து உப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் அடுப்பு காத்திருந்தது. அந்த நேர் வியாபாரம் போய்விட்டது. சாப்பாட்டு உப்பு என்று விற்றால் ஒரு விலை, ஆலைக்கான உப்பு என்று விற்றால் அதைவிடக் குறைந்த விலை. விலையைச் சொல்வது வாங்குகிறவர். அளத்துக்காரர் இழந்தது வியாபாரத்தை மட்டுமில்லை, விலை சொல்லும் வாயையும் சேர்த்துத்தான்.

எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. குஜராத் உப்பு நாட்டு விளைச்சலில் பெரும்பங்கு. அங்கே நீண்ட கோடை, பரந்த நிலம். இங்கே நிலவிலை ஏறிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் வெயிலில் நிற்க வரமாட்டேன் என்கிறார்கள். நானே போகவில்லையே. சட்டம் இல்லாவிட்டாலும் பாதி அளம் போயிருக்கும். சட்டம் அதை வேகப்படுத்தியது.

காந்தி உப்புக்காகத்தானே நடந்தார்? இப்போது உப்பு செய்கிறவனையே தடுப்பது முரண் இல்லையா?

மேடையில் பேச வசதியான ஒப்புமை. வெள்ளைக்காரன் வரி வசூலுக்காகத் தடுத்தான், இந்தச் சட்டம் குழந்தைகளின் மூளைக்காக. இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனம் வராது.

ஆனால் ஒரு விவரம் எனக்கு உறுத்துகிறது. தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பெடுத்த மறுவருடம், 1931 மார்ச்சில், காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தது. உப்பு கிடைக்கும் கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு செய்துகொள்ளலாம், வெளியூருக்கு விற்கக் கூடாது என்றது அது. சுதந்திரத்துக்குப் பிறகு பத்து ஏக்கர் வரையிலான அளங்களுக்கு உரிமம் வேண்டாம் என்று விட்டார்கள். சின்னவனுக்கு என்று ஒரு சந்து எப்போதும் இருந்தது. இப்போதைய விதியில் அந்தச் சந்து இல்லை. பெரிய ஆலைக்கும் மூன்றரை ஏக்கருக்கும் ஒரே வாசல்தான்.

இன்னொன்று, நாங்கள் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவே இல்லை, திருவிதாங்கூர். ஆனாலும் தப்பவில்லை. 1865 வர்த்தக ஒப்பந்தப்படி மகாராஜா அரசும் உப்பு விலையை மதராஸ் விலைக்குச் சமமாக வைக்க ஒப்புக்கொண்டது. தாமரைகுளம், ராஜாக்கமங்கலம் பக்கத்து உப்புக்கு விலை எங்கேயோ உட்கார்ந்து தீர்மானிக்கப்படுவது புதிதில்லை.

அயோடின் உப்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தைராய்டு மாத்திரை. இரண்டுக்கும் தொடர்பு இல்லையா?

பெரும்பாலும் இல்லை, கொஞ்சம் உண்டு. இன்று அதிகம் காணும் தைராய்டு குறைவு நம் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. சோதனையும் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதனால் முன்பு தெரியாமல் இருந்ததும் தெரிகிறது. அயோடின் குறைவாக இருந்த ஒரு ஊருக்கு அயோடின் வந்ததும் இந்த வகை நோய் சிறிது கூடுவதை மருத்துவ உலகம் கண்டிருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் தட்டின் மறுபக்கம் குறைவளர்ச்சியோடு பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். எந்தப் பக்கம் கனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே உப்பை மாற்ற வேண்டாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ முன்னால் சில நாள் நிறுத்தச் சொல்வது உண்டு, அதை மருத்துவர் சொல்வார்.

தமிழ்நாட்டில் எல்லோரும் அயோடின் உப்புத்தான் சாப்பிடுகிறார்களா?

2018–19இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் 76.3 சதவீதம். தமிழ்நாடு 61.9 சதவீதத்தோடு கடைசியில், அதற்கு முந்திய இடத்தில் ஆந்திரம். இரண்டுமே உப்பு விளைவிக்கிற மாநிலங்கள். வெட்கப்படுவதா, புரிந்துகொள்வதா? கல்லுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யார் பொட்டலம் வாங்குவார்கள்! எங்கள் ஊர் அம்மாக்கள் கல்லுப்பு போட்டால்தான் மீன்குழம்புக்கு ருசி என்று அடித்துச் சொல்கிறார்கள். அவர்களைப் பொடியுப்புக்கு மாற்ற முயல்வதைவிடக் கல்லுப்பில் ஒழுங்காக அயோடின் கொடுப்பதுதான் வழி.

கடையில் அயோடின் கல்லுப்பு கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இரண்டு பழக்கத்தை விடுங்கள். ஒன்று, அழுக்கு போக என்று கல்லுப்பைத் தண்ணீரில் அலசிக் கொட்டுவது. அயோடின் மேல்பரப்பில்தான் இருக்கிறது, முதல் அலசலிலேயே போய்விடும். அழுக்கு இருந்தால் உப்பைக் கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரைச் சமையலுக்கு எடுங்கள், அயோடின் கரைசலிலேயே இருக்கும். இரண்டு, மூடியில்லாத மரவையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது. ஈரமும் சூடும் அதற்கு ஆகாது. மூடியுள்ள ஜாடியில் வையுங்கள், முடிந்தால் குழம்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

அயோடின் இருக்கிறதா என்று பார்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஒரு வீட்டு வழி சொல்லியிருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் உப்பைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நீலம் பூத்தால் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று இது காட்டாது.

இந்துப்பு?

தனியாகக் கலந்திருந்தால் தவிர அயோடின் கிடையாது. விலை மட்டும் உண்டு.

அயோடினுக்காக உப்பை அதிகமாகச் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம், வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் ஊரில் ஊறுகாயும் கருவாடும் சேர்த்துப் பார்த்தால் அதை எப்போதோ தாண்டிவிட்டோம். உப்பைக் குறைத்து, அதில் அயோடின் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அளத் தொழிலாளிகளுக்கு அரசு ஏதாவது செய்கிறதா?

மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கொடுப்பதைப் போல. நல்ல காரியம். ஆனால் உப்பு வாருவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் அவர்கள் கண்ணை என்ன செய்கிறது, உப்புத் தண்ணீர் பாதத்தை எப்படி வெடிக்க வைக்கிறது என்பதையும் யாராவது சட்டமாக எழுத வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் செருப்பும் ஒரு டன் உப்புக்கான அயோடினைவிடப் பெரிய செலவு ஆகாது.

உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன செய்வீர்கள்?

சட்டத்தை எடுக்க மாட்டேன். பெரியப்பா இதைப் படித்தால் ஒரு வாரம் பேச மாட்டார், பரவாயில்லை. புத்தளம், சாமிதோப்பு, தாமரைகுளம் அளங்களுக்கு நடுவில் பொதுவாக ஒரு கழுவி உலர்த்தும் கொட்டகை, ஒரு தெளிக்கும் யந்திரம், ஒரு சோதனை மேசை. சம்பளம் அரசு கொடுக்கட்டும். அளத்துக்காரர் உப்பைக் கொண்டுவந்து, மருந்தும் சான்றும் வாங்கிக்கொண்டு, தன் பெயரிலேயே விற்கட்டும். ரேஷன் கடைக்கு உப்பு ராமநாதபுரம் மாவட்டத்து வலிநோக்கம் அரசு அளத்திலிருந்து வரலாமென்றால் புத்தளத்திலிருந்தும் வரலாம். குழந்தைக்கு அயோடின் வேண்டும் என்று சொல்கிற அரசு, அதைப் போட்டதற்கான சாட்சிச் செலவை மூன்றரை ஏக்கர்காரன் தலையில் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் எந்த உப்பு?

கருவாட்டுக்குச் சாதா கல்லுப்பு, சட்டமும் பதப்படுத்த அனுமதிக்கிறது. ஊறுகாய்க்கு எதுவும் போடலாம். அயோடின் மாங்காயைக் கறுக்க வைக்கும் என்பது பொய். பொடியுப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் உப்புத் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

தென்னங்குழிக்கு அயோடின் உப்பு போடலாமா?

பாறசாலை அக்காவின் மாமனார் கேட்டது. போடலாம், தென்னைக்குத் தைராய்டு இல்லை. ஆனால் செம்மண் குழிக்கு இரண்டு கிலோ வீதம் போடப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி உடைப்பீர்களா? பெரியப்பாவிடம் சாக்குக் கணக்கில் கிடக்கிறது, அடுத்த மழைக்கு முன்னால் வண்டி அனுப்புங்கள்.